சிவப்புக் கெண்டி: ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைத் தேடி ஒரு வரலாற்றுக் குறிப்பு

கார் சாவியை எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முந்தைய கட்டத்தில் நிறுத்தினால் டாஷ்போர்டில் நாலைந்து விளக்குகள் எரியும். அதில் ஒன்று சிவப்பாக, நம் ஊர் கெண்டி மாதிரி இருக்கும். நீண்ட மூக்கு, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. அலாவுதீன் விளக்கு என்றும் சிலர் சொல்வார்கள். உண்மையில் அது நீராவி எஞ்சின் காலத்து எண்ணெய் கேன். ரயில் டிரைவர்கள் கையில் தூக்கிக்கொண்டு சக்கரம் சக்கரமாகப் போய் எண்ணெய் விட்டார்களே, அந்தக் கேன். வாகனக் குறியீடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 2575 தரநிலையிலும் அதே படம்தான். எஞ்சின் ஓட ஆரம்பித்த ஓரிரு நொடியில் அது அணைந்துவிட வேண்டும்.

அந்த விளக்கை ஏற்றி அணைப்பது எஞ்சினில் திருகியிருக்கும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ஸ்விட்ச். கார் ஓட்டுகிற பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குக்கூட அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தென்காசியில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, இது ஒரு ஸ்பேர் பார்ட் கதையாக இல்லை. வண்டியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது யாருக்குத் தெரிய வேண்டும், எவ்வளவு தெரிய வேண்டும் என்ற கேள்வியின் கதையாக இருந்தது.

மையும் அச்சும்

உராயும் இரண்டு பொருளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றை வைக்க வேண்டும் என்பது வண்டி ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம். நம் மாட்டு வண்டிகளில் அதற்கு 'வண்டி மை' என்று பெயர். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் பூசுவார்கள். மை காய்ந்துவிட்டால் சக்கரம் கிரீச்சிடும். அந்தச் சத்தம்தான் அந்தக் காலத்து எச்சரிக்கை விளக்கு. வண்டிக்காரர் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, மை போட்டுவிட்டு மறுபடி ஏறுவார். யாரும் டாஷ்போர்டில் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அச்சு முறிவதும் வழக்கமாக நடப்பதுதான். புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றில், உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் இன்னொரு அச்சை உபரியாகக் கட்டிக்கொண்டு போகிற செய்தி வருகிறது. சேம அச்சு என்று அதற்குப் பெயர். மேடும் பள்ளமும் எங்கே வரும், என்ன முறியும் என்று முன்கூட்டியே தெரியாததால் இந்த ஏற்பாடு. இன்று ஸ்டெப்னி டயர் வைத்துக்கொள்வது போல. ஆனால் ஸ்டெப்னி எஞ்சின் என்று ஒன்றை யாரும் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் எஞ்சின் விஷயத்தில் முறிந்த பிறகு மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. முறிவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

இந்த விளக்கெண்ணெய்க்கு மோட்டார் உலகிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு நிறுவனம் 1909ல் ஒரு புது எஞ்சின் ஆயிலைக் கொண்டுவந்தது. அதில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்ததால், அதன் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதிலிருந்து 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தார்கள். முதல் உலகப்போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களும் ஆமணக்கு எண்ணெயில்தான் ஓடின. அச்சு மையிலிருந்து ஆகாய விமானம் வரை ஒரே கொட்டைதான் எண்ணெய் கொடுத்திருக்கிறது.

தானாகக் கழன்ற மரத்தக்கை

எண்ணெய் வைத்தால் உராய்வு குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் குறைகிறது என்று 1883 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த வருடம் பிரிட்டனில் இயந்திரப் பொறியாளர் நிறுவனத்துக்காக போசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு போன்ற ஒரு அமைப்பை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். மேலே பித்தளை பேரிங், அதன் மேல் பாரம். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்ற ஆரம்பித்ததும் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிக்கொண்டு வந்தது. மரத்தக்கையை அடித்து இறுக்கினார், அதுவும் மெல்லக் கழன்று வெளியே வந்தது.

கடைசியில் அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜைப் பொருத்திப் பார்த்தார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது. பேரிங் மேல் இருந்த சராசரி பாரமோ 100 பவுண்டுதான். அதாவது சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் ஓர் ஆப்பு மாதிரி இடுக்கில் திணிக்கிறது. அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் அச்சு மிதக்கிறது. உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. மூன்று வருடம் கழித்து, 1886ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பின் அடிப்படை அந்தச் சமன்பாடுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டவர் வைத்த கேஜ் அளந்தது எண்ணெய்ப் படலத்துக்குள்ளேயே பிறக்கும் அழுத்தத்தை. உங்கள் காரின் ஆயில் ஸ்விட்ச் பார்ப்பது அதை அல்ல. பம்ப் அனுப்பும் எண்ணெய் வந்து சேர்கிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. கார் எஞ்சினில் பம்ப் தரும் அழுத்தம் சாதாரணமாக 2 முதல் 4 பார் இருக்கும். பேரிங்குக்குள் உண்டாகும் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். அச்சைத் தூக்கி நிறுத்துவது பம்ப் இல்லை, சுழற்சி. பம்ப் சோறு போடுகிற வேலையை மட்டும் செய்கிறது. ஆனால் சோறு நின்றால் மீதி எல்லாமும் நின்றுவிடும்.

பம்ப் வைத்து எண்ணெயைக் கட்டாயமாக உள்ளே செலுத்தும் முறைக்கு பர்மிங்காமின் பெல்லிஸ் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த ஆல்பர்ட் பெயின் 1890ல் காப்புரிமை வாங்கினார். அது வேகமாகச் சுற்றும் நீராவி எஞ்சின்களுக்காக. கார்களுக்கு அது வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. ஆனாலும் எல்லோரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

பம்ப் இல்லாத ஃபோர்டு

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்ப்பே கிடையாது. சுற்றும் ஃப்ளைவீல் எண்ணெயை வாரி அடிக்கும். அதில் கொஞ்சம் ஒரு புனலில் விழுந்து குழாய் வழியாக முன்பக்கம் போகும், மீதி தெறித்து அங்கங்கே ஒட்டும். பம்ப் இல்லாததால் கேஜும் இல்லை, விளக்கும் இல்லை. அடியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்த் திருகுகள். மேல் திருகைத் திறந்தால் எண்ணெய் வருகிறதா, கீழ்த் திருகைத் திறந்தால் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சமவெளியில் இது போதும். மலை ஏறும்போது எண்ணெய் பின்பக்கம் சரிந்துவிடும். முன்னால் இருக்கிற முதல் சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங் காய்ந்து போகும். மாடல் டி ஓட்டியவர்களிடையே பேர்போன வியாதி இது.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம் என்றால், தென்காசியிலிருந்து மேற்கே போகிற எந்த வண்டிக்கும் மலை உண்டு. செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு கணவாய் வழியாகத்தான் கேரளம். 1904ல் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை இந்தக் கணவாய் வழியாகவே வந்தது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சிப் பக்கம்தான் இருந்தது. சரக்கும் ஆட்களும் காலங்காலமாக ஏறி இறங்கிய வழி. ஏறும்போது எஞ்சினுக்குப் பாரம், இறங்கி வந்து நிற்கும்போது கொதிக்கிற எண்ணெய். ஒரு எஞ்சினின் எண்ணெய் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

தென் தமிழ்நாட்டில் மோட்டார் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் நெல்லைச் சீமைக்காரர்தான். திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1912ல் மதுரையில் பஸ் விட்டார். 1920ல் கோவையின் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சி–பழனி பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவியைப் பஸ்களுக்குப் பொருத்திக் கொடுத்தது. அந்தத் தலைமுறை டிரைவருக்கு எஞ்சின் என்பது மூடிய பெட்டி இல்லை. வழியில் நின்றால் தானே இறங்கி, தானே பார்த்து, தானே கிளப்ப வேண்டும்.

முள் போய் விளக்கு வந்தது

பம்ப் வந்த பிறகு கார்களில் முதலில் வந்தது முள் வைத்த கேஜ். 1849ல் பிரான்ஸின் யூஜீன் பூர்தோன் காப்புரிமை வாங்கிய வளைகுழாய் கேஜின் வாரிசு அது. எஞ்சின் பிளாக்கிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று டாஷ்போர்டு வரை எண்ணெயையே கொண்டுவரும். குழாய் விரிசல் விட்டால் டிரைவர் வேட்டியில் எண்ணெய் அபிஷேகம். ஆனால் தகவல் சுத்தமானது. காலையில் 4 கிலோ, சூடானதும் 3 கிலோ, ஐடிலில் 1 கிலோ என்று அந்த முள்ளின் நடையைத் தினமும் பார்க்கிற டிரைவருக்கு, ஒரு மாதத்தில் கால் கிலோ குறைந்தால்கூடத் தெரிந்துவிடும்.

1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கார்களில் ஆயிலுக்கும் ஜெனரேட்டருக்கும் முள்ளுக்குப் பதிலாக விளக்கு வந்தது. செலவு குறைவு. குழாய் வேண்டாம், ஒற்றை வயர் போதும். வாங்குகிறவர்களும் முள்ளைப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தார்கள். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு 'இடியட் லைட்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். முட்டாள் விளக்கு! ஓட்டுபவரைத் திட்டுகிற மாதிரி தெரிந்தாலும், திட்டு அவரை அப்படி ஆக்கிய அமைப்புக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

நம் நாட்டுக்கும் இது அதே வரிசையில் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. எண்ணெய்க்கு அதில் விளக்குதான். ஃபியட் 1100 வழியில் வந்த பிரீமியர் பத்மினியிலும் விளக்கு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800ல் கேட்கவே வேண்டாம், விளக்குதான். லாரிகளிலும் டிராக்டர்களிலும் மட்டும் முள் ரொம்ப காலம் தாக்குப்பிடித்தது. அங்கே எஞ்சின் என்பது பிழைப்பு. ஓட்டுபவர் முள்ளைப் படிப்பார் என்று கம்பெனிக்காரன் நம்பினான். நிறம்கூட ஆரம்பத்தில் ஒன்றாக இல்லை. பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் ஆயில் விளக்கு பச்சையாகவும் மஞ்சளாகவும் இருந்தது. எல்லோரும் சிவப்புக்கு வந்தது பிறகுதான்.

இதற்கான பொருள்கள் தமிழ்நாட்டிலேயே உருவாக ஆரம்பித்ததும் இதே காலகட்டம். கோவையில் 1961ல் தொடங்கிய பைமெட்டல் பேரிங்ஸ், எஞ்சின் பேரிங்குகளைச் செய்தது. 1970களில் அதே கோவையில் பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ் வந்தது. அதன் சுருக்கம்தான் பிரிக்கால். டாஷ்போர்டு மீட்டர்களுக்கும் சென்ஸார்களுக்கும் இன்றைக்கும் பெயர் பெற்ற நிறுவனம். எண்ணெய் காய்ந்தால் சாகிற பாகமும், காய்வதைச் சொல்கிற பாகமும் ஒரே ஊரிலிருந்து வந்தன.

உள்ளே என்னதான் இருக்கிறது

ஸ்விட்ச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி கான்டாக்ட். அவ்ளோதான். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது ஸ்பிரிங் கான்டாக்டைச் சேர்த்து வைத்திருக்கும். பேட்டரியிலிருந்து சாவி வழியாக விளக்குக்கு வந்த மின்சாரம், விளக்கிலிருந்து ஒற்றை வயரில் ஸ்விட்ச்சுக்கு வந்து, ஸ்விட்ச்சின் உடம்பு வழியாக எஞ்சினில் எர்த் ஆகும். விளக்கு எரியும். எண்ணெய் வந்து சவ்வைத் தள்ளினால் கான்டாக்ட் பிரியும், விளக்கு அணையும். பெரும்பாலான ஸ்விட்ச்சுகள் 0.3 முதல் 0.5 பாருக்குள் பிரிந்துவிடும்.

இந்த எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. 1000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. 3000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு 30 பவுண்டு, அதாவது சுமார் 2 பார் வேண்டும். அது 1 பாருக்கு இறங்கிவிட்டாலும் விளக்கு எரியாது. 0.6க்கு இறங்கினாலும் எரியாது. புளியரை ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் போகும்போது அந்த விளக்கு எரிந்தால், அது நோயைச் சொல்லவில்லை, சாவைச் சொல்கிறது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். 'அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்' என்று போனால், பேரிங் உருகி கிராங்க் ஷாஃப்டில் ஒட்டிக்கொள்ளும். நம்மாட்கள் சொல்கிற 'எஞ்சின் ஜாம்' அதுதான்.

இன்னொரு கோளாறும் இந்த அமைப்பில் உண்டு. வயர் அறுந்துவிட்டால் விளக்கு எரியாது. அதாவது செத்துப்போன ஸ்விட்ச்சும் ஆரோக்கியமான எஞ்சினும் டாஷ்போர்டில் ஒரே மாதிரி தெரியும். சர்வர்களைக் கண்காணிக்கிற எங்கள் தொழிலில் இதற்கு இடமே கிடையாது. எச்சரிக்கை வரவில்லை என்பது நலம் என்று அர்த்தமாகாது, எச்சரிக்கை அனுப்புகிறவனே செத்திருக்கலாம். அதனால் 'உயிரோடு இருக்கிறேன்' என்று அவ்வப்போது ஒரு தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். காரில் அந்தத் தகவல், சாவி போட்டவுடன் விளக்கு ஒரு தடவை எரிந்து காட்டுவது மட்டும்தான்.

1980களில் ஃபோக்ஸ்வேகன் இதற்கு ஒரு வழி செய்தது. ஒன்றுக்கு இரண்டு ஸ்விட்ச். ஒன்று 0.3 பாரில் பிரியும், வழக்கமான வகை. இன்னொன்று 1.8 பாரில் சேரும், தலைகீழ் வகை. 2000 சுற்றுக்கு மேல் போனபிறகும் இரண்டாவது சேரவில்லை என்றால் பஸ்ஸர் கத்தும். இரண்டாவதன் வயரை அறுத்தால் பஸ்ஸர் நிற்காது, கத்திக்கொண்டேதான் இருக்கும். பொய் சொல்ல முடியாத அமைப்பு.

தென்காசியில் ஒரு அறுந்த வயர்

தென்காசியில் ஒரு நண்பர். குற்றால சீசனுக்கு டாக்ஸி ஓட்டுபவர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் வருமானம். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், அப்படியே செங்கோட்டை, ஆரியங்காவு என்று நாள் முழுக்க வண்டி சுற்றும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். விற்றவர் வெளியூர்க்காரர். வண்டி அமைதியாக ஓடியது, டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று பெருமையாகவே சொன்னார்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஆயில் மாற்ற ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனோம். நாற்பது வருடத் தொழில், கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட் பண்ணவில்லை. கொஞ்ச நேரம் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியப் போட்டா ஆயில் லைட்டு எரியணும்லா? எரியலியே."

"அண்ணாச்சி, ஒரு கோளாறும் இல்லாததால எரியலைன்னுல்ல நினைச்சேன்" என்றார் நண்பர்.

"லைட்டு செத்துட்டுன்னு அர்த்தம் தம்பி. எஞ்சின் நல்லாருக்குன்னு அர்த்தமில்ல."

அதற்குப் பிறகு அவர் ஸ்விட்ச்சைத் தேடிய விதம்தான் எனக்குப் பாடமாக இருந்தது. புத்தகத்தில் பார்த்துத் தேடவில்லை, எண்ணெய் போகிற வழியிலேயே போனார். சம்ப்பிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து பிளாக்கின் பக்கவாட்டில் ஓடும் பெரிய வாய்க்கால். ஆயில் கேலரி என்பார்கள். பேரிங்குகளுக்குப் போகும் எண்ணெய் எல்லாம் இந்த வாய்க்காலிலிருந்து பிரிகிற மடைகள்தான். அழுத்தத்தை அளக்க வேண்டுமானால் மடைகள் பிரிவதற்கு முன்னால், ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் அளப்பதுதான் அர்த்தமுள்ளது. அதனால் முதலில் ஃபில்டரைக் கண்டுபிடி, அதிலிருந்து ஒரு சாண் சுற்றளவில் கையை விட்டுப் பார். ரப்பர் தொப்பி போட்ட ஒற்றை வயர், அறுகோணத் தலை, இதுதான் அடையாளம். அங்கே இல்லையென்றால் கேலரியின் கடைசிக்குப் போ. அம்பாஸடரில் வந்த பி.எம்.சி. பி வரிசை எஞ்சினில் அழுத்தம் எடுக்கும் துளை பிளாக்கின் பின் ஓரத்தில், டிரைவர் பக்கமாக இருக்கும். டாஷ்போர்டுக்குக் குழாய் கொண்டுபோக வசதியான இடம். வேறு சில எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டின் முனையில் இருக்கும். எண்ணெய் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. அங்கேயே அழுத்தம் இருக்கிறதென்றால் வழியில் எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது. ஆற்றுப் பாசனத்தில் கடைமடை வயலைப் பார்த்துத் தண்ணீர் போதுமா என்று முடிவு செய்வதைப் போன்ற தர்க்கம்.

இந்த வண்டியில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. வயர்தான் ஸ்விட்ச்சில் இல்லை. அதை நறுக்கி, முனையை மடித்து, கறுப்பு டேப் சுற்றி, பக்கத்து வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தானாக அறுந்த வயர் தனக்குத்தானே டேப் சுற்றிக்கொள்ளாது.

அவர் முதலில் அந்த வயர் முனையைச் சுரண்டி எஞ்சின் உடம்பில் தொட்டார். டாஷ்போர்டில் சிவப்புக் கெண்டி எரிந்தது. பல்பும் வயரும் நல்ல நிலையில் இருக்கின்றன. பிறகு ஸ்விட்ச்சைக் கழற்றி அந்தத் துளையில் முள் வைத்த கேஜைத் திருகினார். 1883ல் டவர் பேரிங் துளையில் கேஜ் வைத்தாரே, கிட்டத்தட்ட அதே காட்சி. எஞ்சின் குளிர்ந்திருந்தபோது மூன்றரைக் கிலோ காட்டியது. நண்பர் முகம் மலர்ந்தது. "பொறுங்க, சூடாகட்டும்" என்றார். இருபது நிமிடம் ஓடிய பிறகு 3000 சுற்றில் ஒன்றரை. ஐடிலில் முள் அரைக் கிலோவுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது.

அதாவது பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அந்த இடைவெளியில் நின்று அழுத்தம் கொடுக்கும், சூடானால் இளகி ஒழுகிவிடும். மலை இறங்கி வந்து சிக்னலில் நிற்கும்போதெல்லாம் விளக்கு மினுக்கியிருக்கும். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யப் பணம் செலவாகும், வயரை நறுக்க ஒரு பிளேடு போதும். முன்பு வைத்திருந்தவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

சம்ப்பை இறக்கினார்கள். பேரிங்குகளில் செம்பு நிறம் தெரிய ஆரம்பித்திருந்தது, கிராங்க் ஷாஃப்ட் இன்னும் வரி விழாமல் தப்பித்திருந்தது. பேரிங் செட், கேஸ்கெட், ஆயில், கூலி என்று போனது. நண்பருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் சீசன் நடுவில் எஞ்சின் ஜாம் ஆகியிருந்தால் அந்த வருட வருமானமே போயிருக்கும். ஆரியங்காவு ஏற்றத்தில், உள்ளே ஒரு குடும்பம் இருக்கும்போது நடந்திருந்தால் என்பதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நீங்களே செய்து பார்க்கக்கூடியது

பழைய கார் வாங்குபவர்கள் எல்லோரும் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பத்து நொடி வேலை ஒன்று இருக்கிறது. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். சிவப்புக் கெண்டி எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்போ, வயரோ, ஸ்விட்ச்சோ, ஆளோ, ஏதோ ஒன்று சரியில்லை. கிளப்பியதும் அது தனியாக அணைய வேண்டும். பேட்டரி விளக்கோடு சேர்ந்து, ஒரே கணத்தில் ஜோடியாக அணைந்தால் அந்த வயரை அங்கே முடிச்சுப் போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு ஐடிலில் நிறுத்தியும் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் நல்ல பிள்ளையாகத்தான் நடிக்கும்.

எரிகிற விளக்கு எல்லாமே எஞ்சின் வேலை என்றும் பயப்பட வேண்டாம். ஸ்விட்ச்சின் சவ்வு கிழிந்து எண்ணெய் கசிவதும், கான்டாக்ட் ஒட்டிக்கொள்வதும் சாதாரணம். முதலில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரி என்றால், எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடமும் ஸ்விட்ச்சை மாற்றினால் போதும் என்பவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "கேஜ் வச்சுப் பார்த்தீங்களா?" அந்தத் துளையில் கேஜ் வைக்காமல் சொல்லும் இரண்டு பதிலுமே ஊகம்தான்.

வண்டிக்காரர் காதில் கேட்ட கிரீச் சத்தம், பஸ் டிரைவர் கண்ணில் பட்ட முள், நமக்கு வந்த விளக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி ஓட்டுவது சுலபமாகியிருக்கிறது, வண்டியைப் பற்றித் தெரிவது ஒரு படி குறைந்திருக்கிறது. இது மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டு வண்டிக்கு மை போடுகிற வேலை எனக்கு வேண்டாம். ஆனால் தகவல் குறையக் குறைய அதைத் திருடுவதும் சுலபமாகிறது. டாஷ்போர்டு வரை எண்ணெயே வரும் செப்புக் குழாயை அடைத்தால் முள் பூஜ்யத்தில் படுத்துவிடும், பார்த்தவுடன் தெரியும். ஒற்றை வயரை நறுக்க ஒரு பிளேடு போதும், பார்ப்பவருக்கு அது நல்ல எஞ்சின்.

அந்தக் கடையில் இருந்த கேஜின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, எண்கள் பாதி அழிந்திருந்தன. புதுசு ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? நம்பரு தெரியாட்டாலும் முள்ளு தெரியுதுல்லா" என்றார். நண்பரின் வண்டியில் இப்போது ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு டி இணைப்பு போட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் சின்னதாக ஒரு முள் கேஜும் வைத்திருக்கிறார்கள். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், நண்பர் ஐந்தருவி வரும்வரை விளக்கிக்கொண்டே போகிறார்.